மாப்பிள்ளை வீட்டு ப்ரீஆம்ப்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் எங்கள் மகளும் அதைவிடச் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் குரலைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்வதற்கில்லை. அதை விவரிக்கத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். நம் வீட்டில் ஃபோனை எடுத்தால் இரண்டு பேர் பேசுவது மூன்று பேர் பேசுவதாகிவிடும். மூன்றாவது ஆள் சமையலறையில் இருப்பார். அந்த ஆளுக்குத் தெரியாமல் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கேட்க வேண்டும் என்றுகூடச் சொல்லமாட்டேன். மாப்பிள்ளையிடம் எதையும் கேட்கிற குடும்பம் இல்லை நம்முடையது. ஆனால் யோசனை கேட்பதில் தப்பில்லை அல்லவா? நீங்களோ ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பவர். ஆகவே யோசனையாகத்தான் கேட்கிறேன்: வீட்டில் உட்கார்ந்து குரலைப் பதிவு செய்கிற ஒருவனுக்குத் தனியாக ஒரு ப்ரீஆம்ப் வேண்டுமா, வேண்டாமா?

நான் ஓய்வு பெற்றபோது நீங்கள் அன்பாக அனுப்பிவைத்த மைக் அருமையான மைக். அதில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் சொல்லமாட்டேன் என்பது வேறு விஷயம், உண்மையிலேயே இல்லை. கூடவே அனுப்பிய அந்தச் சின்னப் பெட்டியும், மைக்கை லேப்டாப்போடு சேர்த்துவைக்கிற இன்டர்ஃபேஸ், அதுவும் தங்கமான பெட்டி. பார்சலைப் பிரித்த அன்றே கூடத்தில் மேஜையைப் போட்டு எல்லாவற்றையும் அமைத்துவிட்டேன். நூலகத்தில் என் மேஜை எப்படி இருந்ததோ அப்படியே: நான் சுவருக்கு முதுகைக் காட்டி உட்காருவேன், எதிரே மேஜை, மேஜையில் மைக், அதற்கு அப்பால் கூடம் முழுவதும் என் பார்வையில், கூடத்தின் மறுகோடியில் சமையலறைக் கதவு. பணிக்காலம் முழுக்கப் புத்தகம் அடுக்கியவனுக்கு ஒரு பொருளை எப்படி வைப்பதென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மைக்கில் பெயர் பொறித்த பக்கம் வெளியே பார்க்கும்படி, அலமாரியில் புத்தகம் நிற்பதுபோல நேராக நிறுத்தினேன். வீட்டுக்குள் யார் வந்தாலும் முதலில் அந்தப் பெயர்தான் கண்ணில் படும். "யாரு குடுத்தது?" என்று அவர்களே கேட்பார்கள். "மாப்பிள்ளை" என்று நான் சொல்வேன். இதுவரை இதில் ஒரு குழப்பமும் இல்லை.

குழப்பம் எங்கே ஆரம்பித்தது என்றால், பழைய நாவல்களை ஒலிநூலாகப் போடுகிற ஒரு பதிப்பகம் வாசிக்க ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டு நான் எழுதிப் போட்டதில். அவர்களும் உடனே ஒரு துப்பறியும் நாவலை அனுப்பி, "முதல் மூணு அத்தியாயம் மாதிரிக்குப் படிச்சு அனுப்புங்க, சரியா வந்தா முழுசும் நீங்களே படிக்கலாம்" என்று சொன்னார்கள். அட்டையைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன். நம் நூலகத்தில் இருந்த அதே நாவல் மாப்பிள்ளை. நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை அது அலமாரியில் இருந்து நான் பார்த்ததில்லை. ஒருவர் கொண்டுவந்து கொடுத்தால் பின்னாலேயே இன்னொருவர் நின்றுகொண்டிருப்பார். அத்தனை பேருக்கும் எடுத்துக் கொடுத்த எனக்குக் கொலை செய்தது யார் என்று இன்றுவரை தெரியாது. வாழ்நாள் முழுக்க எல்லாரிடமும் "சத்தம் போடாதீங்க" என்று சொல்லியே காலம் போய்விட்டது. நானும் ஒருநாள் வாயைத் திறந்து ஒரு கதையை நாலு பேர் கேட்கப் படிக்க வேண்டும் என்று எனக்குள் ஓர் ஆசை கிடந்தது எனக்கே தெரியாது. ஓய்வு பெற்றபின் என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் "பால் வாங்கிட்டீங்களா" மட்டும்தான். அதனால் இந்த நாவலை நான்தான் படிக்க வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

முதல் மாதிரியை அனுப்பினேன். ஒலியைச் சரிபார்க்கிற பதிப்பகத்துப் பெண் ஃபோன் செய்தது. நல்ல பெண், மரியாதையான பேச்சு. "ஐயா, தப்பா நெனக்காதீங்க. உங்க குரல் பக்கத்து வீட்டுல இருந்து வர்ற மாதிரி இருக்கு. அம்மா குரல்தான் காதுக்குள்ள உக்காந்து பேசற மாதிரி இருக்கு" என்றது. எந்த அம்மா என்று கேட்டேன். "டாக்டர் வந்ததும் ஒருத்தங்க பேசறாங்களே, அவங்க" என்றது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். பண்ணையார் பூட்டிய அறைக்குள் செத்துக்கிடக்கிறார், குடும்ப டாக்டர் பையோடு உள்ளே வருகிறார், நான் எங்கோ கிணற்றுக்குள் இருந்து முனகுகிறேன், அப்போது மணி அடித்ததுபோலச் சுத்தமாக ஒரு குரல்: "கூப்பிடாமலே வந்த டாக்டர நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா? இவன்தான் கொன்னான்." சமையலறையில் இருந்து மாப்பிள்ளை. அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டே சொல்லியிருக்கிறாள். கரண்டி பாத்திரத்தில் படுகிற சத்தம்கூட அவ்வளவு தெளிவு. மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிற என் குரல் கேட்கவில்லை, ஒரு கூடத்தைத் தாண்டி இருக்கிற உங்கள் அத்தை குரல் கேட்கிறது. இதற்கு என்ன காரணம் இருக்க முடியும்? நூலகத்தில் கிசுகிசுத்துக் கிசுகிசுத்தே என் தொண்டை தேய்ந்துவிட்டது, அவள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மேய்த்து மேய்த்தே தொண்டையை வளர்த்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். "வாயத் தொறந்து பேசுங்க, எல்லாம் சரியாப் போகும்" என்பது உங்கள் அத்தையின் முடிவு.

சரி, பெட்டியில் ஒலியைக் கூட்டுகிற குமிழைத் திருகினேன். பாதி திருகினேன், முக்கால் திருகினேன், பிறகு அதற்குமேல் திரும்பமாட்டேன் என்று அதுவே நின்றுவிட்டது. என் குரல் கொஞ்சம் பக்கத்தில் வந்தது உண்மைதான். ஆனால் அதோடு ஊரே சேர்ந்து வந்தது. ஃப்ரிட்ஜ் மூச்சு விடுவது, குழாய் சொட்டுவது, தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்புவது, எல்லாவற்றுக்கும் அடியில் 'ஸ்ஸ்ஸ்' என்று விடாத ஓர் இரைச்சல். உங்கள் அத்தை ஒரு பக்கம் ஹெட்ஃபோனை வாங்கிக் கேட்டுவிட்டு, "கதையில மழையா பெய்யுது?" என்று கேட்டாள். கதையில் அப்போது கடும் கோடை.

இந்த நேரம் பார்த்து மாடிவீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். அவரை நாங்கள் விமர்சனம் என்று சொல்லுவோம். மிக்ஸி வாங்குவதென்றாலும் மூன்று நாள் விமர்சன வீடியோ பார்க்கிறவர், வாங்கியபின் இன்னும் அதிகமாகப் பார்ப்பார். அவர்தான் ப்ரீஆம்ப் என்ற சொல்லை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தது. "மைக்ல இருந்து வர்றது ரொம்பச் சின்ன மின்சாரம் சார். அதத் தூக்கி நிறுத்தறதுக்குத் தனியா ஒரு ப்ரீஆம்ப் வேணும். அது இல்லாம ரெக்கார்டிங் பண்றது, மோட்டார் இல்லாம மாடிக்குத் தண்ணி ஏத்தற மாதிரி" என்றார். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. தண்ணீர் சொட்டுச்சொட்டாக வருகிறது, மோட்டார் வைத்தால் கொட்டும். உங்கள் அத்தை உள்ளே இருந்து, "மொதல்ல தொட்டியில தண்ணி இருக்கா, குழாய் எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க" என்றாள். அதை நாங்கள் இருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ப்ரீஆம்ப் வருகிறவரைக்கும் இரைச்சலைக் குறைக்க, கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு மைக்கோடு உள்ளே உட்கார்ந்து படிக்கச் சொன்னார் விமர்சனம். ஏதோ பிரபலங்கள் எல்லாம் அப்படித்தான் செய்கிறார்களாம். கம்பளி பரண்மேல் இருந்த துணிப்பெட்டியிலிருந்து வந்தது, அதோடு பாச்சை உருண்டை வாசனையும் வந்தது. உள்ளே வேர்த்து ஊற்றுகிறது, ஒரு கையில் டார்ச், ஒரு கையில் நாவல், மூக்கு எரிகிறது. துப்பறிகிறவர் தோட்டக்காரனை மடக்குகிற இடம். அதை உணர்ச்சியோடு படித்துக்கொண்டிருக்கிறேன்: "கத்தியைக் கீழே போடு. நீ தப்பிக்க முடியாது." சிலிண்டர் கொண்டுவந்தவர் திறந்திருந்த கதவு வழியாக உள்ளே வந்து, கூடத்தின் நடுவில் ஒரு கம்பளி மூட்டை குலுங்கிக்கொண்டு இப்படிப் பேசுவதைப் பார்த்து, தோளில் சிலிண்டரோடு அப்படியே நின்றுவிட்டிருக்கிறார். "அம்மா, அய்யாவுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டது எனக்கே கேட்டது. "இல்லப்பா, கதை படிக்கிறாரு." "யாருக்கும்மா?" "அதான் எனக்கும் தெரியல." அன்றைய பதிவை ஓடவிட்டுக் கேட்டபோது கம்பளியை மீறி இந்த உரையாடல் முழுசாக இருந்தது. துப்பறிகிறவரைத்தான் காணவில்லை.

எங்கள் மகளிடம் ஒரு வார்த்தை கேட்டேன். "அப்பா, அந்த இன்டர்ஃபேஸ் பெட்டிக்குள்ளயே ப்ரீஆம்ப் இருக்குப்பா. நீங்க திருகறீங்களே, அதுதான்" என்றாள். இது எனக்கு அதிர்ச்சி. இவ்வளவு நாளும் வீட்டிலேயே ஒன்றை வைத்துக்கொண்டா ஊரெல்லாம் தேடினேன்? விமர்சனத்திடம் போய்ச் சொன்னேன். அவர் பரிதாபமாகச் சிரித்தார். "உள்ள இருக்கறது பேருக்கு சார். தனியா வெச்சாத்தான் அது ப்ரீஆம்ப்." எங்கள் நூலகத்தில் உதவி நூலகர் என்று ஒருவர் இருந்தார், பெயருக்கு, அவரை நினைத்துக்கொண்டேன், விமர்சனம் சொல்வது சரியென்று பட்டது. மகள் ஃபோனை வைக்கும் முன், "அவர்கிட்ட பழைய ப்ரீஆம்ப் ஒண்ணு அலமாரியில சும்மாத்தான் கெடக்கு. ஆனா உங்களுக்கு அது தேவையே படாது" என்று சொன்னாள். இதில் முதல் வாக்கியம் மட்டும் என் மனதில் தங்கிவிட்டது.

அப்படியும் உங்களிடம் வரக் கூடாது என்றுதான் உங்கள் அத்தையை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மைக், ஸ்பீக்கர் விற்கிற கடை. கடைக்காரர் என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, தொங்குகிற ஒரு மைக்கை என் மூஞ்சிக்கு நேராகத் திருப்பி, உள்ளே ஆரஞ்சு வெளிச்சம் எரிகிற ஒரு பெட்டியை இணைத்து, "பேசுங்க சார்" என்றார். நாவலின் முதல் வரியை என் வழக்கமான குரலில் சொன்னேன். மாப்பிள்ளை, ஹெட்ஃபோனுக்குள் நான் கேட்டது என் குரலா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கிணற்றிலிருந்து ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. "எல்லாம் ப்ரீஆம்ப் பண்ற வேல சார். குரலுக்கு ஒரு வெதுவெதுப்பு குடுக்கும்" என்றார் கடைக்காரர். உங்கள் அத்தை அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆமா, சூடாத்தான் இருக்கு" என்றாள். அதோடு விட்டாளா? "இந்தப் பெட்டி இல்லாம ஒரு தடவ பேசச் சொல்லுங்க, வித்தியாசம் தெரியட்டும்" என்றாள். கடைக்காரருக்கு உடனே வேறு வாடிக்கையாளர் ஞாபகம் வந்துவிட்டது. நான் அவளை ஒரு முறை முறைத்தேன். பிறகு விலையைச் சொன்னார்கள். நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் கடிகாரத்தைப் பார்த்து, நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டோம்.

இரண்டாவது மாதிரியும் திரும்பி வந்துவிட்டது. அந்தப் பெண் சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னது: "ஐயா, இன்னும் ஒரு தடவ பாக்கலாம்னு மேல சொல்லியிருக்காங்க. அதுவும் சரியா வரலன்னா, விமான நிலையத்துல அறிவிப்பு சொல்றவர் ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட குடுத்துடுவாங்க." அறிவிப்பு சொல்கிறவர் கொலைக்கதை படித்தால் எப்படி இருக்கும்? பிணம் மூன்றாவது வாயிலில் தயாராக இருக்கிறது என்பதுபோல இருக்கும். அவர் நன்றாகவே படிப்பார் என்பதுதான் என் வருத்தம்.

உங்கள் அலமாரியில் ஒன்று சும்மா கிடக்கிறது என்று மெதுவாக உங்கள் அத்தையிடம் பேச்சை எடுத்தேன். "மாப்பிள்ளைகிட்டப் போய்க் கேப்பாங்களா யாராவது? அவரு குடுத்த மைக் சரியில்லன்னு நெனச்சுக்க மாட்டாரா? நாம ஒண்ணும் கேக்கக் கூடாது" என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டாள். அவள் சொல்வதும் நியாயம்தான். அதனால்தான் நான் கேட்கவில்லை. ஒருவேளை தனி ப்ரீஆம்ப் வேண்டும் என்பது உங்கள் அபிப்பிராயமானால், ஒருவேளை நீங்கள் அலமாரியை ஒழிக்கிற எண்ணத்தில் இருந்தால், ஒருவேளை இந்தப் பக்கம் யாராவது வருவதாக இருந்தால், இவ்வளவும் ஒரே நேரத்தில் கூடிவந்தால், நான் தடுக்கமாட்டேன் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். காதுதான் உங்களுக்குச் சோறு போடுகிறது. அதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டே தூங்கிவிடுகிறீர்கள் என்று மகள் சொன்னாள், அது வேண்டாம். நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று, குறையில்லாமல் நிறைவாக வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம். உங்கள் அத்தையின் ஆசீர்வாதத்தை அவளுக்குத் தெரியாமல் நானே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேட்டால் கட்டாயம் கொடுப்பாள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும் மாமா

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம்.

கடிதத்தை உறையில் போட்டுவிட்டுத் தபால்தலை தேடிக்கொண்டிருந்தபோது, உங்கள் அத்தை மேஜையைத் துடைக்கிறேன் என்று மைக்கை எடுத்துத் துடைத்து மாற்றி வைத்துவிட்டாள். பெயர் பொறித்த பக்கம் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எனக்கு வந்ததே கோபம். "ஒரு பொருள எடுத்தா எடுத்த மாதிரி வெக்கத் தெரியாதா? பேரு வெளிய பாக்கணும்னு எத்தன தடவ சொல்றது?" என்று நாலு வார்த்தை சொன்னேன். அவளும் ஏதோ பதில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்சம் முன்னால் சோதனைக்காகப் போட்ட பதிவு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்டுப் பார்த்தேன் மாப்பிள்ளை. கடையில் கேட்ட அதே குரல். நான் திட்டியது ஒரு எழுத்து விடாமல் காதுக்குள் விழுகிறது. உங்கள் அத்தை சொன்ன பதில்தான் பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது. குமிழைப் பாதிக்குக் குறைத்தேன், மழையும் நின்றுவிட்டது. பெயர் இருக்கிற பக்கம்தான் மைக்குக்குக் காதாமே. இத்தனை நாளும் நான் அதன் முதுகுக்குக் கதை படித்திருக்கிறேன்.

"நான் திட்டினா இப்படியா இருக்கும்?" என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டுவிட்டு, "இல்ல, இதுல கொஞ்சம் மெதுவா இருக்கு" என்றாள். அன்று இரண்டாம் தடவை பால் வாங்க நானே போனேன்.

ஆக ப்ரீஆம்ப் வேண்டாம். அது உங்கள் அலமாரியிலேயே பத்திரமாக இருக்கட்டும். பெட்டிக்குள் இருப்பதே போதும். உதவி நூலகரைப் பற்றி எழுதியதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மூன்றாவது மாதிரியை அனுப்பியதும் அந்தப் பெண் ஃபோன் செய்தது. "ஐயா, அருமையா இருக்கு. முழு நாவலும் நீங்கதான்" என்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிக்க என்ன இருக்கிறது. அடுத்து அந்தப் பெண், "ஆனா அம்மா எங்க?" என்று கேட்டது. முந்தைய மாதிரிகளை அலுவலகம் முழுக்கக் கேட்டிருக்கிறார்களாம். டாக்டர்தானா இல்லையா என்று அங்கே இரண்டு கட்சியாகிவிட்டார்களாம். கதையோடு அம்மா பேசுவதும் இருந்தால்தான் போடுவோம் என்று மேலே சொல்லிவிட்டார்களாம்.

இந்தப் பின்குறிப்பை உங்கள் அத்தை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். "மாப்பிள்ளைகிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னு சொன்னியே" என்றேன். "நீங்க கேக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். சமையலறைக்கு ஒரு மைக் வேணும், அத்தை கேட்டாங்கன்னே எழுதுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன். அது வந்து சேரும்வரை கடைசி அத்தியாயத்தைத் தொடக் கூடாது என்றும் உத்தரவு. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து காத்திருக்கிறேன் மாப்பிள்ளை. சீக்கிரம் அனுப்பவும்.